டிபரென்ஷியலுக்கு நான் அடித்த ஆப்பு

எனக்கு லாரி ரிப்பேர் தெரியும் என்று என் வாழ்க்கையில் ஒரே ஒரு வருடம்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த வருடத்தில் நடந்ததை என் குடும்பம் இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்திரண்டு வயது. கோயமுத்தூரில் ஒரு மில் ஒர்க்‌ஷாப்பில் ஆறு மாதம் வேலை பார்த்திருந்தேன். (வேலை என்றால் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பது. பாதி நாள் தப்பான ஸ்பானர்.) அதை நம்பி, வெள்ளகோவிலில் லாரி வைத்துப் பருத்தி ஏற்றிக்கொண்டிருந்த என் தாய்மாமன் என்னை மெக்கானிக்காகச் சேர்த்துக்கொண்டார்.

"மாப்ள, லாரிய நல்லா வெச்சிருந்தீன்னா நீ மெக்கானிக்கு. இல்லீன்னா தோட்டத்துல மம்பட்டி சும்மாதான் கெடக்குது" என்றார்.

ஒருநாள் காலை லாரியின் பின்பக்கம் தரையில் எண்ணெய்ச் சொட்டுகள். பின்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே பானை மாதிரி ஒன்று உப்பிக்கொண்டிருக்குமே, அதுதான் டிபரென்ஷியல். அதற்குள் பல்சக்கரங்கள் எண்ணெயில் முங்கிச் சுற்றும். அங்கிருந்துதான் சொட்டியது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. போன வாரம்தான் நானே அதற்கு எண்ணெய் ஊற்றியிருந்தேன். ஊற்றுகிற துளையில் எண்ணெய் வெளியே வழிந்தால் போதும் என்று கணக்கு. எனக்கு அது கஞ்சத்தனமாகத் தோன்றியது. லாரியைச் சரிவில் சாய்த்து நிறுத்தி, இன்னும் ஒரு படி ஊற்றி மூடியிருந்தேன். இவ்வளவு தாராளமாக ஊற்றியும் ஒழுகுகிறதே!

ஊர்ந்து உள்ளே போய்ப் பார்த்தேன். அச்சுக்கு மேலே ஒரு சின்னத் துளை. அதைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு. அடடா, திருடன் அகப்பட்டான்! வேப்பங்குச்சியைச் சீவி ஆப்பாக்கி, சுத்தியலால் அடித்து, மேலே தாரும் பூசினேன். கையைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தபோது என் நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்திருந்தது.

ஒரு நடை பருத்தி போய்த் திரும்பியதும் பார்த்தால், நடுவில் மட்டும் சொட்டியது இப்போது இடது சக்கரத்தில் வழிகிறது. சக்கரத்தைக் கழற்றி உள்ளே கம்பளியைத் திணித்தேன். வலது சக்கரத்தில் வழிந்தது. அங்கேயும் திணித்தேன். முன்னால், இஞ்சினிலிருந்து வரும் தண்டு சேருகிற இடத்தில் கசிந்தது. பார் சோப்பைக் குழைத்து அப்பினேன். மறுபடியும் இடது சக்கரம். நான் அடைக்க அடைக்க அது புதுப்புது வழி கண்டுபிடித்தது. இந்த லாரியில் இவ்வளவு ஓட்டைகளை வைத்து எந்தப் புண்ணியவான் செய்தான் என்று தலை சுற்றியது.

அந்தச் சமயம் பார்த்து மாமாவின் பூச்சிக்காளைக்கு விலை படிந்தது. சினைக்கு விடுகிற காங்கேயம் காளை. ராஜா மாதிரி இருக்கும். சத்தியமங்கலத்தில் ராமாத்தாள் என்கிற பெரிய பண்ணைக்கார அம்மாள் வாங்கியிருந்தார். நடத்திக் கூட்டிப்போனால் இளைத்துவிடும் என்று லாரியில் ஏற்றினார்கள். டிரைவர் காதர் பாய், கோயமுத்தூர் கோட்டைமேட்டுக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவர் பக்கத்தில் நான், பின்னால் காளையும் வைக்கோலும்.

"லாரியில ஏதாச்சும் கோளாறு இருக்குதுங்களா?" என்று புறப்படும்போதே கேட்டார்.

"எல்லாம் செஞ்சுபோட்டேனுங்க பாய்" என்றேன்.

பாதி தூரம் தாண்டியதும், "பிரேக்கு என்னமோ வெண்ணையில மிதிச்ச மாதிரி இருக்குதுங்களே" என்றார்.

"புதுசா அடிச்ச பெல்ட்டுங்க. பழகோணும்" என்றேன். (பெல்ட் என்றால் பிரேக்கில் சக்கரத்தைக் கவ்வுகிற பட்டை. அப்படி எதையும் நான் அடிக்கவில்லை. அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்கே தெரியாது.) பாதை சமதளம், பிரேக்குக்கு அதிகம் வேலையில்லை. அவரும் விட்டுவிட்டார்.

சத்தியமங்கலத்தில் பவானி ஆற்றுக்கு இறங்குகிற சரிவில் மேளக்காரரோடு ராமாத்தாள் காத்திருந்தார். காளைக்கு வரவேற்பு. பாய் பிரேக்கை மிதித்தார். லாரி நிற்கவில்லை. கை பிரேக்கை இழுத்தார். அதுவும் அதே பின்சக்கரங்களைத்தான் பிடிக்க வேண்டும். சக்கரத்துக்குள் இருக்கிற பிரேக் முழுக்க என் எண்ணெய்.

"தம்பீ! நிக்கல!"

"பழகோணுமுங்க!" என்று கத்தினேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

வேகம் ஒன்றுமில்லை. ஓட்டமும் நடையுமாக, மேளக்காரரையும் ராமாத்தாளையும் தாண்டி, துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கூச்சலோடு விலக, லாரி ஆற்றுக்குள் இறங்கி மணலில் சொருகி நின்றது. முழங்கால் தண்ணீர். பின்னால் திரும்பிப் பார்த்தால் காளை நிதானமாக வைக்கோல் தின்றுகொண்டிருந்தது.

பாய் இறங்கினார். தண்ணீருக்குள் குனிந்து லாரிக்கு அடியில் பார்த்தவர் என் ஆப்பைத் தொட்டுக் காட்டினார்.

"இந்தத் தொளைய யாருங்க அடைச்சது?"

"நான்தானுங்க. அங்கிருந்துதான் ஒழுகுச்சு."

"அது மூச்சு விடற தொளைங்க! ஓடறப்ப எண்ணெ சூடாவும். சூட்டுல உள்ள காத்து முட்டும். அது போறதுக்குன்னே வெச்சிருக்கிற வழி. அதைய அடைச்சா எண்ணெயைத் தள்ளிக்கிட்டுக் கெடச்ச சந்துலயெல்லாம் வராதா? எவ்வளவு ஊத்துனீங்க?"

சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நீங்க அடிச்ச ஆப்பு. நீங்களே புடுங்குங்க."

குறடு வைத்து இழுத்தேன். 'புஸ்' என்று ஒரு சத்தம். ஆப்பு எங்கோ பறந்தது. கறுத்த எண்ணெய் பீய்ச்சி நெற்றி, மூக்கு, சட்டை எல்லாவற்றிலும் அபிஷேகம். கரையில் துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் பயம் தெளிந்து சிரித்தார்கள்.

ராமாத்தாள் மட்டும் சிரிக்கவில்லை. தண்ணீரில் இறங்கி வந்து காளையின் நெற்றியைத் தடவிப் பார்த்தார். உயிர் போய் உயிர் வந்தது எனக்கு. பிறகு என் பக்கம் திரும்பி, "ஏனுங் தம்பி, காளைய லாரி கொண்டாந்து உடும்னு பார்த்தா, லாரியைக் காளைதான் கரையேத்தோணுமாட்ட இருக்குதே" என்றார். அப்புறம் அவர் பண்ணையிலிருந்து இரண்டு ஜோடி உழவு மாடுகள் வந்து லாரியை இழுத்துப் போட்டன.

பாய் உள்ளே புகுந்திருந்த தண்ணீரோடு எண்ணெய் முழுவதையும் வடித்தார். புது எண்ணெயைத் துளையில் வழிகிற மட்டத்தோடு நிறுத்தினார். மூச்சுத் துளையைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, பிரேக்குகளைப் பெட்ரோலில் கழுவிக் காய வைத்தார். வீடு வரும்வரை ஒரு சொட்டுக்கூடக் கீழே விழவில்லை. நான்தான் விழுந்தேன், மாமா காலில். மறுநாளே மம்பட்டி கைக்கு வந்துவிட்டது.

அதற்கப்புறம் எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, பேரன் பேத்தியும் வந்தாயிற்று. இன்றைக்கும் நான் ஒரு மின்விசிறியைக் கழற்ற ஸ்டூலில் ஏறினால் போதும், சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வரும்:

"ஏனுங்க, மாடு ஒரு ஜோடி போதுங்களா, ரெண்டு ஜோடியாக் கொண்டாரச் சொல்லட்டுங்களா?"