வட்டிலப்பத்துக்கு மசியாத மூவர்

சாய்ந்தமருது,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்.

அன்புமிக்க மச்சான் முபாறக் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கத்தார் வெயில் உங்களைக் கொஞ்சமாவது மிச்சம் வைத்திருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கு நான் சுகம், பிள்ளைகளும் சுகம். என் மனைவியாகிய உங்கள் கூடப்பிறந்த ராத்தா சுஹைறாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வட்ஸ்அப்பில் சொன்னால் மஃரிப் தொழுகைக்குள் குடும்பம் முழுக்கப் பரவிவிடும் என்பதால் பேனாவை எடுத்தேன்.

நம் மேல்மாடியை ஒரு தொலைக்கல்விக் கல்லூரிக்கு வகுப்பு நடத்தக் கொடுத்திருப்பதும், அதே கல்லூரியில் சுஹைறா நாலு வருடமாகப் பட்டப்படிப்புப் படிப்பதும் நீங்கள் அறிந்தவை. அறியாதது என்னவென்றால், அந்தப் பட்டத்துக்கு இன்னும் அங்கீகாரம் இல்லை. கிடைக்காவிட்டால் ஆசிரியர் நியமனத்துக்கு அது உதவாது. அடுப்புக்கும் பரீட்சைக்கும் நடுவில் அவள் பட்ட பாடெல்லாம் வெறும் கடதாசி. அதைத் தீர்மானிக்கத்தான் போன மாதம் கொழும்பிலிருந்து மீளாய்வுக் குழு வந்தது. தலைவியாக ஒரு பேராசிரியை, பின்னால் கோவைக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு ஆண்கள்.

மச்சான், நம்மூரில் ஒரு வீட்டைப் பார்த்து முடிவு சொல்ல வருகிறவர்கள் யார்? மாப்பிள்ளை வீட்டார்தானே. எங்களுக்கு வேறு முறை தெரியாது. புது விரிப்பு, பன்னீர், புரியாணி, கோழிப் பொரியல், இனிப்புக்கு வட்டிலப்பம் என்று எல்லாம் தயார். கல்லூரி இணைப்பாளர் முஹ்ஸின் சேர் இரண்டு நாளாகக் கோவைகளுக்குள் புதைந்து கிடந்ததால் எங்களைத் தடுக்க ஆளில்லை.

வந்தார்கள். வட்டிலப்பத்தை நீட்டினேன். பேராசிரியை தன் பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். "மன்னிக்கோணும் ஐயா, நாங்கள் இங்க ஒரு தேத்தண்ணி குடிச்சாலும் பிறகு எங்கட அறிக்கைக்கு மரியாதை இல்லை" என்றார். மச்சான், சாகாமத்து வயல் வரம்புச் சண்டையே அந்த வட்டிலப்பத்தில்தான் தீர்ந்தது. அதன் வாசத்துக்கு அசையாத மனிதரை என் நாற்பத்தேழு வயதில் நான் கண்டதில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது.

சுஹைறா அடுப்படியில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். "பொண் பாக்க வந்தவங்க தட்டத்தத் தொடல்லண்டா என்ன அர்த்தம்? முடிஞ்சிது. என்ட படிப்பு முடிஞ்சிது, யா அல்லாஹ்!"

மேல்மாடியில் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். முஹ்ஸின் சேர் என்ன சொன்னாலும் அவர்களிடம் ஒரே கேள்வி: "ஆதாரம்?" நூலகம் இருக்கிறது என்றார். ஆதாரம் கேட்டு, புத்தகங்களின் மேலிருந்த தூசியை விரலால் தொட்டுப் பார்த்தார்கள். படிப்பை இடையில் விட்டவர்களின் பட்டியலை வாங்கி, கோமாரி ஊரில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு அங்கேயே போன் எடுத்து, ஏன் விட்டாய் மகள் என்று விசாரித்தார்கள். விட்டுப் போனவர்களையும் தேடிக் கேட்கிற ஆட்கள் இந்த உலகத்தில் இருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். பள்ளிவாசலில் நிற்பதுபோல் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றேன்.

பிறகு மாணவர்களை அழைத்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சுஹைறா போனாள். "குறை இருந்தாப் பயப்பிடாமச் சொல்லுங்கோ" என்றார் பேராசிரியை. சாப்பாட்டைத் தொடாத கோபமெல்லாம் அங்கே கொட்டியது.

"ஓம், சொல்றன்! நான் பாடத்துக்கு எழுதிக் குடுத்த ஒப்படை எட்டு மாசத்துக்குப் புறகு திரும்பி வந்திச்சு. அதிலயும் ஒரு சரி அடையாளம்தான். எது நல்லம், எது பிழை எண்டு ஒரு சொல் இல்ல. கல்லூரிக்குப் போன் எடுத்தாப் பாட்டுத்தான் படிக்குது. சோத்தத்தான் தொடல்ல, இதையாவது எழுதிட்டுப் போங்க!"

முஹ்ஸின் சேர் கைக்குட்டையைப் பிழிந்தார். பேராசிரியை ஒரு சொல் விடாமல் எழுதி, எழுந்து நின்று நன்றி சொன்னார்.

முடிவு இன்னும் வரவில்லை. தன் பட்டத்தைத் தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டாள் என்றுதான் எனக்குப் பயம். கோபத்தில் சொன்னவற்றைப் பொருட்படுத்த வேண்டாம் என்று பேராசிரியைக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதும்படி நேற்று அவளிடம் கெஞ்சினேன். ஆச்சரியம், மறுபேச்சில்லாமல் எழுதி, உறையில் ஒட்டியே தந்துவிட்டாள். இதோடு அதையும் தபாலில் போடப் போகிறேன். நீங்களும் துஆச் செய்யுங்கள்; போன் எடுக்கும்போது, வாயைக் கொஞ்சம் குறைக்கும்படி ராத்தாவுக்குச் சொல்லுங்கள்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஹயாத்தையும், அதற்கு முதல் ஒரு லீவையும் தருவானாக.

உங்கள் மச்சான்,
காலிதீன்.

பி.கு: தபாலக வாசலில் நிற்கும்போது முஹ்ஸின் சேர் போன் எடுத்தார். அங்கீகாரம் கிடைத்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்! ஒப்படைகளை ஒரு மாதத்துக்குள் குறிப்பெழுதித் திருப்ப வேண்டும் என்பது நிபந்தனை. மாணவர்கள் பயமில்லாமல் குறை சொல்லக்கூடிய இடம் என்று அறிக்கையில் பாராட்டும் இருக்கிறதாம். இனி மன்னிப்பு எதற்கு என்று அந்த உறையைப் பிரித்தேன். மன்னிப்பு ஒரு வரிகூட இல்லை. "அன்று சொல்ல மறந்தவை" என்ற தலைப்பில் நாலு பக்கம், இலக்கமிட்ட பதினேழு குறைகள், ஒவ்வொன்றுக்கும் ஆதாரம். பதினோராவது, மேல்மாடிக் கழிவறைக் கதவு பூட்டுவதில்லை என்பது. ஆதாரம், நாளைக்குத் திருத்துகிறேன் என்று நான் அவளுக்கு மூன்று தடவை அனுப்பிய செய்திகளின் பிரதி. பசை வாங்கி உறையை மறுபடி ஒட்டிப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். இப்போது தாழ்ப்பாள் வாங்கப் போகிறேன்.