தளம் விழாமல் காத்தவனின் முறையீடு

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் தங்கையும் நலம். அங்கு நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் சின்ன மாப்பிள்ளை, அதாவது என் சகலை, அவரும் நலம்தான். ரொம்பவே நலமாக இருக்கிறார். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

தையல்காரர்கள் துணி வெட்ட அளவுப்படம் வரைந்து தரும் இலவச மென்பொருள் ஒன்று உண்டு, அதைப் பலர் சம்பளமில்லாமல் கூடி உருவாக்குகிறோம், அதன் இணையதளத்தையும் உறுப்பினர்கள் கேள்வி கேட்கும் மன்றத்தையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன், நீங்களும் ஒவ்வொரு முறையும் "ஓகோ" என்றிருக்கிறீர்கள். எனக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. ஆனால் தளத்தின் முகவரியைக் காலாவதியாகும் முன் புதுப்பிப்பது, சனிக்கிழமைதோறும் மன்றம் முழுவதையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து பீரோவில் போர்வைகளுக்கு அடியில் வைப்பது, எந்தக் காலத்திலோ ஒரு டெய்லர் "சட்டைக் கை ஏன் தோளில் உட்கார மாட்டேன் என்கிறது" என்று கேட்ட பக்கத்தை இன்று தேடினாலும் கிடைக்கும்படி வைத்திருப்பது, எல்லாம் நான். என் பொறுப்பில் தளம் ஒரு நாளும் முடங்கி விழுந்ததில்லை. அதனால்தான் மச்சான், நான் ஒருவன் இருப்பதே யாருக்கும் தெரியவில்லை.

தளத்தைப் புதிய சர்வருக்கு மாற்ற வேண்டி வந்தது. ஒற்றை ஆளால் ஆகாது என்று சகலையைக் கூப்பிட்டதும் நானேதான். வினையை விலை கொடுத்து வாங்கினேன். இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட், கணினி கொஞ்சம் தெரியும், பேச்சு நிறையத் தெரியும். "நான் சொல்ற வரைக்கும் பழைய சர்வரை நிறுத்தாதீங்க" என்றேன். நான் சொல்வதற்கு முன்பே நிறுத்திவிட்டார். இரண்டு நாள் மன்றம் இருட்டு. பீரோவில் இருந்த நகலை ஓடிப்போய்க் கொடுத்தது நான், உட்கார்ந்து ஏற்றியது அவர். ஏற்றிய கையோடு, "நண்பர்களே, உங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைத் தொலைத்த பாவி நான்தான்" என்று ஒரு மன்னிப்பு எழுதினார் பாருங்கள், அன்றிலிருந்து மன்றமே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது. பக்கம் பக்கமாக நன்றி. நகல் கொடுத்த என்னைப் பற்றியும் ஒரு வரி உண்டு: "எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் உதவினார்." பெரியவராம். எனக்கும் அவருக்கும் இரண்டே வயது வித்தியாசம்.

இப்போது மென்பொருளைத் தொடங்கிய தையல் டீச்சர் அம்மா ஓய்வெடுக்கப் போகிறார்கள். தளத்துக்கும் மன்றத்துக்கும் தலைமைப் பொறுப்பாளரை அடுத்த வாரம் உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். யாரைக் கேட்டாலும் சகலை பெயர்தான். உங்கள் தங்கையிடம் புலம்பினேன். காய் நறுக்கிக்கொண்டே, "உங்களுக்குப் பொறாமைங்க" என்றாள்.

"பொறாமை இல்ல, நியாயம் கேக்கறேன்."

"நியாயம் கேக்கறவரு எதுக்கு அவருக்கு எத்தனை லைக் விழுந்துச்சுன்னு தினமும் எண்ணிக்கிட்டு இருக்கீங்க?"

பொறாமைதான் மச்சான். வயிறு எரிகிறது. இன்று காலை மன்றத்தில் "விடைபெறுகிறேன்" என்று உருக்கமாக எழுதிவிட்டேன். போகாதே என்று கெஞ்சுவார்கள் என நினைத்தேன். இதுவரை வந்திருப்பது ஒரே பதில்: "மன்றத்துக்கு நல்வரவு. புதியவரா?"

ஆகவே நீங்கள் சகலையை அழைத்து, மூத்தவர் இருக்கும்போது இளையவர் ஒதுங்குவதுதான் முறை என்று எடுத்துச் சொல்ல வேண்டும். நான் சொல்லச் சொன்னதாகத் தெரிய வேண்டாம். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, உங்கள் முழங்கால் வலி சீக்கிரம் விடைபெறட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மாப்பிள்ளை ("மூத்த" என்பதைக் கவனிக்கவும்)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மன்றத்தில் சகலையின் பதிவைப் பார்த்தேன். "தளத்தை நான் விழவைத்த பிறகுதான், அது இத்தனை வருடம் விழாமல் இருந்தது எவ்வளவு பெரிய வேலை என்று புரிந்தது. அண்ணன் தலைமை என்றால் கூட நின்று உதவுவேன். அண்ணன் போனால் நானும் போகிறேன்" என்று எழுதியிருக்கிறார். தேர்தலே வேண்டாம் என்று டீச்சர் அம்மா பொறுப்பை எனக்கே கொடுத்துவிட்டார்கள். கண் கலங்கிவிட்டது மச்சான், தங்கமான மனிதர். மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டுவிடுங்கள், அவரிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். ஒன்றே ஒன்று தவிர. அவருடைய அந்தப் பதிவுக்கு இதற்குள் முந்நூறு நன்றி. பொறுப்பை ஏற்கிறேன் என்று நான் எழுதியதற்கு இரண்டு. ஒன்று உங்கள் தங்கை, இன்னொன்று அவர். இனிமேல் கொஞ்சம் சுமாராக எழுதச் சொல்லுங்கள்.