பெற்றவளுக்குக் கோடில்லை

ஒரு காட்டில் ஒரு காட்டுப்பன்றி இருந்தாள் என்று தொடங்கினால், அடுத்த வரியில் நரி வரும் என்று காத்திருப்பீர்கள். வராது. இந்தக் கதையில் நரிக்கு வேலை இல்லை. அதன் வேலையை அலுவலகமே பார்த்துக்கொண்டது.

காட்டுப்பன்றியின் பெயர் காராயி. அவளுக்கு ஒரே குட்டி, பெண் குட்டி, பெயர் கோரை. காட்டுப்பன்றிக் குட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பிறக்கும்போது முதுகில் தலை முதல் வால் வரை கோடு கோடாக இருக்கும். நாலைந்து மாதத்தில் அது மறைந்து, குட்டியும் அம்மாவைப் போலவே கறுத்துவிடும். பன்றிகளுக்கு இது மழை பெய்தால் நனையும் என்பது போன்ற விஷயம். அதனால் இதை யாரிடமாவது முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும் என்று காராயிக்குத் தோன்றவில்லை. அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

அந்தக் கோடையில் காட்டில் குட்டிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பன்றிகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் குட்டி வீல் என்று கத்தினாலும், யார் பெற்றது என்று பார்க்காமல் எல்லாத் தாய்களும் ஓடிப்போய், தூக்க வந்ததை முட்டிவிட்டு வருவார்கள். காட்டு நிர்வாகம் இதை ஆராய்ந்து, கூட்டமாக ஓடுவதால் புல்வெளி பாழாகிறது என்று கண்டுபிடித்து, தடை போட்டது. அதற்குப் பதிலாக ஆற்றோரத்தில் முள்வேலி அடைத்து, ஒரே ஒரு வாசல் வைத்து, ‘குட்டிகள் பாதுகாப்பு மையம்’ என்று பலகை மாட்டியது. எல்லாக் குட்டிகளையும் அங்கே கொண்டுவந்து விட வேண்டும் என்று உத்தரவு. வாசலுக்கு அங்கமுத்து என்ற உடும்பை நியமித்தார்கள். பிடித்தால் விடமாட்டார் என்பதுதான் அவருடைய தகுதி.

திங்கட்கிழமை காலையில் காராயி கோரையைக் கொண்டுபோய் விட்டாள். உள்ளே விடுவதற்கு யாரும் ஒரு காகிதமும் கேட்கவில்லை. குட்டியின் கழுத்தில் ஒரு பலகையை மட்டும் மாட்டினார்கள். அதன் பெயர், அம்மா பெயர், என்ன தின்னப் பிடிக்கும், எதைக் கண்டால் பயம், எல்லாம் அதில் கொட்டை எழுத்தில் இருந்தன. அழைத்துப்போக வருபவர் சொல்ல வேண்டிய ரகசியச் சொல்லும், மறந்துவிடக் கூடாது என்று, அதிலேயே எழுதப்பட்டிருந்தது.

“தொலஞ்சு போனா கண்டுபுடிக்கச் சௌகரியமா இருக்குமில்லீங்க” என்றார் அங்கமுத்து.

சாயங்காலம் காராயி திரும்பி வந்தபோதுதான் காகிதங்கள் தொடங்கின. வாசலில் ஒரு மெஷின் நின்றது. குட்டியையும் கூப்பிட வந்தவரையும் அது ஒருமுறை பார்க்கும். ஒத்துப்போனால் பச்சை விளக்கு, அழைத்துப்போக ஓர் அட்டை. ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு. காராயிக்குச் சிவப்பு எரிந்தது.

“உங்க புள்ள இல்லீங்களே.”

“ஏனுங்கண்ணா, காலைல நாந்தான கொண்டாந்து உட்டேன். நீங்கதான பலகை மாட்டுனீங்க?”

“எனக்குத் தெரியுதுங்கம்மா. மெஷினுக்குத் தெரியோணுமில்ல. கொழந்தைக்கு ஏழு கோடு இருக்குது. உங்களுக்குப் பேருக்குக்கூட ஒண்ணு இல்லியே.”

“பெருசானா மறஞ்சு போயிருமுங்க. எனக்கும் சின்னதுல இருந்துதுங்க.”

“அப்பச் சுலபந்தான். உங்க சின்ன வயசுப் போட்டோ ஒண்ணு, அதுல இருக்கறது நீங்கதான்னு உங்கம்மா கையெழுத்து ஒண்ணு. ரெண்டையும் கொண்டாங்க, நிமிசத்துல முடிச்சிரலாம்.”

“எங்கம்மாவப் புலி தின்னு மூணு வருசமாச்சுங்க.”

“அப்பத் தின்னது நெசந்தான்னு அந்தப் புலிகிட்ட எழுதி வாங்கிட்டு வந்துருங்க.”

அங்கமுத்து கெட்டவர் இல்லை. இதையும் ஆறுதலாகத்தான் சொன்னார்.

காராயி வேலியோரமாகச் சுற்றிப்போய், சந்தில் மூக்கை நுழைத்து, “கோரை, வா சாமி” என்று கூப்பிட்டாள். குட்டி ஓடிவந்தது. வந்த வேகத்தில் நின்றும் விட்டது. பகல் முழுக்க அதற்குப் பாதுகாப்புப் பாடம் நடந்திருந்தது.

“அம்மா, அட்டை வெச்சிருக்கியா?”

“அட்டை எதுக்குச் சாமி? நான் உங்கம்மா.”

“அந்நியருங்க எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்கன்னு டீச்சர் சொன்னாங்க.”

காராயி மூக்கைச் சந்திலிருந்து இழுத்துக்கொண்டாள். குட்டி படிப்பில் கெட்டிதான் என்று ஒரு பக்கம் பெருமையாகவும் இருந்தது. பால் கொடுப்பதற்கு அட்டை வேண்டும் என்று விதியில் இல்லாததால், வேலிச் சந்தில் படுத்துப் பால் கொடுத்தாள். பசிக்கு அட்டை கேட்கத் தெரியவில்லை. கோரை குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு உள்ளே போனது.

செவ்வாய்க்கிழமை முழுவதும், வாசலுக்குப் பக்கத்திலேயே இருந்த திருத்தப் பிரிவின் வரிசையில் கழிந்தது. அங்கே ஒற்றைக் காலில் நின்ற கொக்கு, கால் மாற்றுகிற நேரம் தவிர மற்ற நேரங்களில் மனுக்களை வாங்கியது. காத்திருந்த நேரத்தில் காராயி, மேசைமேல் விரித்துக் கிடந்த பதிவேட்டைப் பார்த்தாள். பதினொரு குட்டிகள் முறைப்படி வெளியே போயிருந்தன. புள்ளிமான் குட்டியை அதன் சித்தப்பா வந்து கூட்டிப்போயிருந்தார். கையெழுத்துக்குக் கீழே ‘சிறுத்தை’ என்று இருந்தது. புள்ளிக்குப் புள்ளி பொருந்தியிருக்கிறது, பச்சை எரிந்திருக்கிறது. அதைப் படித்ததும் காராயி பதிவேட்டை மூக்கால் கொக்கின் பக்கம் தள்ளினாள். கொக்கிடம் சொன்னாள். நாளைக்கு வந்து எழுத்தில் கொடுக்கும்படி கொக்கு சொன்னது.

புதன்கிழமை மதியம் வாசலுக்கு ஒரு கழுதைப்புலி வந்தார். குளித்து, சுத்தமாக, உடம்பெல்லாம் கோடு தெரிய நின்றார்.

“வணக்கமுங்க. நல்லசிவம். நம்ம கோரையோட தாய்மாமனுங்க.”

வரிசையில் நின்ற காராயி அதைக் கேட்டாள். “அண்ணா, எனக்குக் கூடப்பொறந்தவங்களே இல்லீங்க” என்று ஓடிவந்தாள்.

“நீங்க யாருன்னே இன்னும் முடிவாகலியேம்மா” என்றார் அங்கமுத்து. “அப்பறம் அவரு உங்களுக்கு அண்ணனா இல்லியான்னு நீங்க எப்பிடிச் சொல்ல முடியும்? ஐயா, ரகசியச் சொல்லு சொல்லுங்க.”

நல்லசிவம் கழுத்தை நீட்டி, உள்ளே நின்ற கோரையின் பலகையை நிதானமாகப் படித்தார். “வள்ளிக்கெழங்கு” என்றார். மெஷின் அவரைப் பார்த்தது, கோரையைப் பார்த்தது, பச்சையாக எரிந்தது. அட்டை வந்து விழுந்தது.

“கையெழுத்து எங்கீங்க? தேதியும் போட்டரட்டுங்களா?”

அங்கமுத்துவுக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. இத்தனை நாள் வேலையில் தேதி போடட்டுமா என்று கேட்ட முதல் ஆள் இவர்தான். “பாத்துப் படிச்சுக்குங்கம்மா” என்று காராயியிடம் சொல்லிவிட்டு வாசலைத் திறந்தார். பலகையில் பிடித்த தீனி என்று எழுதியிருந்தபடியே, நல்லசிவம் ஆற்றோரத்தில் கிடந்த ஒரு நத்தையைக் கவ்விக்கொண்டு நின்றார். கோரை அட்டையைப் பார்த்தது, நத்தையைப் பார்த்தது, மாமா பின்னால் நடந்தது.

காராயி மூன்று நாளாகத் தலையைக் குனிந்தபடி வரிசையில் நின்றவள். அதே குனிந்த தலையோடு ஓடினாள். விலா எலும்பில் விழுந்த முட்டில் நல்லசிவம் ஆற்று மணலில் போய் உருண்டார். குட்டியை மூக்கால் தள்ளிக்கொண்டு அவள் உண்ணிச்செடிப் புதரை நோக்கிப் பாய்ந்தாள்.

கோரை, சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தது. “காப்பாத்துங்க, அட்டையில்லாத ஆளு என்னையத் தூக்கிட்டுப் போறாங்க” என்று காடே அதிரக் கத்தியது. மையத்தின் அபாய மணி முதல் தடவையாக அடித்தது. அங்கமுத்து, கொக்கு, டீச்சர் எல்லாரும் துரத்தினார்கள். பயிற்சி இவ்வளவு நன்றாகப் பலித்ததில் டீச்சருக்கு ஓடும்போதே கண் கலங்கியது.

புதருக்குள் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தபோது கோரை மெதுவாகக் கேட்டது. “அம்மா, இது கடத்தல்தான?”

“ஆமா சாமி.”

கோரை அம்மா மேல் சாய்ந்தது. அம்மா வயிற்றின் சூடு தெரிந்தது. “அப்பச் சரி” என்று பால் குடிக்க ஆரம்பித்தது.

மறுநாள் நிர்வாகம் அறிக்கை வெளியிட்டது. முறைப்படி அனுப்பப்பட்ட குட்டிகள் பதினொன்று, கடத்தப்பட்டது ஒன்று. அந்தப் பதினொன்றும் வீடு போய்ச் சேர்ந்தனவா என்று கேட்கப் படிவத்தில் கட்டம் இல்லை. காராயியின் படத்தை மரத்துக்கு மரம் ஒட்டி, ‘பிள்ளை பிடிப்பவள், எச்சரிக்கை’ என்று எழுதினார்கள். தேடும் குழுவுக்கு, பாதிக்கப்பட்ட உறவினர் என்ற முறையில், விலாவில் கட்டுப்போட்ட நல்லசிவத்தையே தலைவராகப் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் புதருக்கு வெளியே காலடிச் சத்தம். காராயி குட்டியைப் பின்னால் தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தாள். ஒரு முள்ளம்பன்றி நின்றாள், மரத்திலிருந்து கிழித்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு.

“புள்ள புடிக்கிறவங்க நீங்கதானுங்களா?”

“ஆமாங்க” என்றாள் காராயி. மறுத்து என்ன ஆகப்போகிறது.

“எம் பையன் உள்ள இருக்கறானுங்க. அவனுக்கு முள்ளு இன்னம் மெத்துன்னு இருக்குது, மெஷினு ஒத்துக்க மாட்டேங்குது. கொஞ்சம் கடத்திக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகுமுங்க.”

அவளுக்குப் பின்னால் கடமான், கரடி, கீரி, மந்தி என்று நாற்பது தாய்கள் நின்றார்கள். அவர்களில் கடைசியாகப் புள்ளிமானும் நின்றாள்.

“உங்க கொழந்த...” என்று காராயி தொடங்கினாள்.

“எனக்கு எடுக்க ஆளில்லீங்க” என்றாள் புள்ளிமான். “சும்மா முட்டறதுக்கு வந்தேன்.”

காராயி புள்ளிமானின் பக்கத்தில் போனாள். அவள் தோளோடு தோள் உரசி நின்றாள். பிறகு, “எந்தப் பக்கத்து வேலி லேசா இருக்குதுங்க?” என்று எல்லாரையும் பார்த்துக் கேட்டாள்.

அன்று சாயங்காலத்துக்குள் பதிவேட்டில் கடத்தல் நாற்பத்தொன்று என்று ஏறியது. குட்டிகளின் பாதுகாப்பில் காடு கண்ட மிக மோசமான நாள் என்று நிர்வாகம் வருத்தம் தெரிவித்தது. காலியான மையத்தில் அதன் பிறகு ஒரு குட்டிகூடக் காணாமல் போகவில்லை என்பதற்காக அங்கமுத்துவுக்கு விருது கொடுத்தார்கள்.

நீதி: உங்கள் பிள்ளையை யாரும் கடத்தாமல் இருக்க வேண்டுமா? முறையான ஆவணங்களோடு ஒருவர் வருவதற்குள் நீங்களே கடத்திவிடுங்கள்.