சேர் கொண்டுபோன மோட்டார் சைக்கிள்

எனக்கு ஏசத் தெரியாது. இதை ஒரு நற்பண்பு என்றே நெடுங்காலமாக வெளியில் சொல்லித் திரிந்தேன். உண்மை வேறு. ஏசுவதற்கு வேண்டிய வசனங்கள் எல்லாம் என்னிடம் தாராளமாக உண்டு. அத்தனையும் இலக்கணச் சுத்தமானவை. ஆனால் எதிரில் இருப்பவர் "வாங்கோ சேர்" என்று ஒரு கதிரையை இழுத்துப் போட்டால் போதும். ஒன்றும் மிஞ்சாது.

இப்படிப்பட்டவன்தான் ஒருநாள், "இதெல்லாம் ஆம்பிளையள் பாக்கிற வேலை. நீர் விடும், நான் பாக்கிறன்" என்று மனைவியிடம் திறப்பை வாங்கிக்கொண்டு, அவளுடைய மோட்டார் சைக்கிளைச் சேர்விசுக்குக் கொண்டுபோனேன்.

மனைவி வசந்தி மருத்துவிச்சி. ஊரில் எல்லாருக்கும் அவள் "மிஸ்". கர்ப்பிணிகளின் வீடு தேடிப் போவது அவளுடைய வேலை. எங்கள் வீடு பரந்தனில், அவளுடைய வீடுகள் எல்லாம் பூநகரி வீதியில். பஸ்ஸை நம்பினால் பிள்ளை பிறந்து தவழத் தொடங்கிய பிறகுதான் போய்ச் சேரலாம். மணல் ஒழுங்கைகளுக்கு ஸ்கூட்டர் சரிவராது என்று அவளே பார்த்து வாங்கியது, கியர் போட்டு ஓடும் அந்தச் சின்ன மோட்டார் சைக்கிள். அது இல்லாவிட்டால் அவளுடைய வேலை இல்லை.

"சந்திக் கராஜில குடுத்தால் போதும்" என்றாள். நான் விடவில்லை. வாங்கிய கடையிலேயே கொடுப்பதன் மேன்மை பற்றி ஒரு சிறு விரிவுரை நிகழ்த்தினேன். (எஞ்சின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத் தவிர அதைப்பற்றி எனக்கு வேறெதுவும் தெரியாது.)

கிளிநொச்சி நகரில் கண்ணாடிக் கதவு போட்ட கடை அது. உள்ளே போனதும் மனேஜர் எழும்பினார்.

"சேர்! வாங்கோ சேர்! என்னைத் தெரியுதோ? நிரோசன்!"

என்னிடம் தமிழ் படித்த பெடியன். அவன் எழும்பியதைப் பார்த்து மற்றவர்களும் எழும்பினார்கள். (எனக்கு எழும்பி நிற்க இப்போது வகுப்பறையில்கூட ஆளில்லை.) ஏ.சி.க்குக் கீழே கதிரை வந்தது. பால்தேத்தண்ணி வந்தது. "சேர் படிப்பிச்ச தமிழ்தான் சேர் இண்டைக்கும் எனக்குச் சோறு போடுது" என்றான். அந்தக் கடையில் ஒரு பலகைகூடத் தமிழில் இல்லை. அதை நான் கவனிக்கவில்லை.

பின்னேரம் மோட்டார் சைக்கிள் பளபளவென்று வந்தது. மாப்பிள்ளை போல வீட்டுக்கு ஓடிவந்தேன். வசந்தி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, இந்தப் பக்கத்து மூடி வெடிச்சுக் கிடக்குது. உள்ளுக்கை டேப் ஒட்டியிருக்கு. கீழ என்ன சொட்டுது?"

"புது ஒயில். கொஞ்சம் கூட விட்டிருப்பாங்கள். தாராளமான பெடியள்."

அடுத்தநாள் அந்தத் தாராளம் பூநகரி வீதியின் நடுவில் தீர்ந்துபோனது. எஞ்சின் சூடேறி நின்றுவிட்டது. அவ்வழியால் வந்த மீன் வியாபாரி ஒருவர் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டார். மீன்காரருக்கும் மீன்பெட்டிக்கும் இடையில் இருந்து வசந்தி கிளினிக் போய்ச் சேர்ந்தாள். அவளோடு வந்த மீன் வாடைக்கு அன்றைக்கு அங்கே சத்தி எடுக்காத கர்ப்பிணிகள் குறைவு.

"நீங்கள் அந்த மனேஜரை நல்லாப் பேசிப்போட்டு வரவேணும்" என்றாள்.

"பேசுறதோ? நார் நாராய்க் கிழிக்கிறன், பாரும்."

பக்கத்து வீட்டு உழவு இயந்திரப் பெட்டியில் மோட்டார் சைக்கிளை ஏற்றி, அது விழாமல் கட்டிப்பிடித்தபடி நானும் நின்றுகொண்டு போனேன். வழிநெடுகப் பேச்சைச் செதுக்கினேன். 'நிரோசன், பொறுப்பின்மைக்கும் ஓர் எல்லை உண்டு' என்று தொடக்கம். எதிரே வந்த லொறிக்காரர் ஒருவர் நான் மோட்டார் சைக்கிளுக்குப் புத்திமதி சொல்வதாக நினைத்திருக்கவேண்டும். வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

நிரோசன் வாசலுக்கே ஓடிவந்தான்.

"ஐயோ சேர், இந்த வெயிலுக்கை பெட்டியில நிண்டே வாறியள்? ஒரு போன் கோல் எடுத்திருக்கலாமே சேர்! வாங்கோ, உள்ளுக்கை இருங்கோ."

"தம்பி," என்றேன் கடுமையாக, "ஒயில் கொஞ்சம் சொட்டுது போல."

(அந்தக் 'கொஞ்சம்', அந்தப் 'போல': என் இடியும் மின்னலும் அவ்வளவுதான்.)

தேத்தண்ணியோடு இம்முறை ரோல்சும் வந்தது. எஞ்சினுக்கு அடியில் ஒயிலை அடைக்கும் ஆணியை அளவுக்கு மிஞ்சி முறுக்கிப் புரியை அழித்துவிட்டிருந்தார்கள். அதற்கு மேலே ஏதோ பசையைப் பூசி, "இனிச் சீவியத்துக்கும் வராது சேர்" என்று தந்தார்கள். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

சொட்டுவது குறைந்ததே தவிர நிற்கவில்லை. ஆனால் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. கைபிடியை இடப்பக்கம் திருப்பினால் ஹோர்ன் தானாக அடித்தது. வலப்பக்கம் திருப்பினால் மௌனம். இடப்பக்கம் படலை உள்ள வீடுகளில் நித்திரையாய்க் கிடந்த கைக்குழந்தைகள் எல்லாம் எழும்பி வீரிட்டன. தாய்மார், "மிஸ் வாறா, பிள்ளை எழும்பப் போறான்" என்று முன்கூட்டியே ஆயத்தமாகத் தொடங்கினார்கள்.

மூன்றாம் முறையும் போனேன், முன்னிலும் கூடிய கோபத்தோடு. வீடு திரும்பியபோது தலையில் கடையின் பெயர் பொறித்த தொப்பி ஒன்று இருந்தது.

வசந்தி தொப்பியைப் பார்த்தாள்.

"தொப்பி தந்தவங்களோ?"

"ஓம். எல்லாருக்கும் குடுக்கிறேல்லையாம்."

"ஹோர்ன்?"

"அது இனி அடிக்காது."

"ஒரு பக்கமும்?"

"ஒரு பக்கமும்."

குனிந்து எஞ்சினுக்குக் கீழே விரலை வைத்து எடுத்தாள். கறுப்பாக இருந்தது. அவள் சத்தம்போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கடைசி வீட்டில ஒரு பிள்ளைத்தாச்சி இருக்கிறா. நாள் கிட்டுது, பிறசரும் ஏறி இறங்குது. நாளையிண்டைக்கு நான் கட்டாயம் போய்ப் பாக்கவேணும். நடு வழியில இது நிண்டால் அந்தப் பிள்ளையின்ர கதி என்ன? உங்கட தொப்பியைக் கொண்டே குடுக்கிறதோ?"

நான் தொப்பியைக் கழற்றினேன்.

"நாளைக்கு நானே போறன். நீங்கள் பின்னால இருந்து வாங்கோ. வாய் திறக்க வேண்டாம்."

வாய் திறக்கவில்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் முன்னே போக, நான் பின்னே போனேன். "சேர், வாங்..." என்று எழும்பிய நிரோசன் பாதியில் நின்றான்.

"மிஸ்!"

நானும் திகைத்தேன். அவனுடைய வீடு பூநகரி வீதியில் என்று எனக்குத் தெரியாது. மூன்று தரம் கதைத்தும் நான் கேட்கவில்லை. என்னைப் பற்றிக் கதைக்கவே நேரம் போதவில்லை. மோட்டார் சைக்கிள் யாருடையது என்று அவனும் கேட்கவில்லை.

"இருங்கோ மிஸ்."

"இருக்க நேரமில்லை தம்பி. கௌசிக்குக் கால் வீக்கம் குறைஞ்சுதோ?"

"கொஞ்சம் குறைஞ்சிருக்கு மிஸ். நாளைக்கு வாறியள்தானே? மனிசி பயந்துகொண்டு இருக்கிறா."

"கடைசி வீடெண்டாலும் வரத்தான் வேணும். அந்தா, வெளியில நிக்குதே, அதிலதான் வாறனான்."

நிரோசன் கண்ணாடிக்கூடாகப் பார்த்தான். மோட்டார் சைக்கிள் நின்ற இடத்தில் சீமெந்துத் தரையில் ஒரு கறுப்புப் பொட்டு விழுந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று விழுந்தது. அவன் முகத்தில் இருந்த இரத்தமும் அதோடு சேர்ந்து இறங்கியது.

பிறகு அந்தக் கடையில் நடந்ததை வேலை என்று சொல்லக்கூடாது. திருவிழா என்றுதான் சொல்லவேண்டும். மனேஜரே சேர்ட் கையை மடித்துவிட்டு நிலத்தில் குந்தினான். பசையைச் சுரண்டி எறிந்துவிட்டு, புரி அழிந்த பகுதியையே முழுதாகக் கழற்றிப் புதிது பூட்டினார்கள். புது ஹோர்ன் வந்தது. வெடித்த மூடிக்கு மாற்று இல்லையென்று விற்பனைக்கு நின்ற புது மோட்டார் சைக்கிளில் இருந்தே ஒன்றைக் கழற்றினார்கள். வசந்தி முடியும்வரை பக்கத்திலேயே நின்றாள். தேத்தண்ணி வந்தது. அவள் தொடவில்லை. நான் குடித்தேன். (ஊற்றி வைத்ததை விட்டால் மரியாதையில்லை.)

அடுத்தநாள் மோட்டார் சைக்கிள் சொட்டாமல் போய்ச் சேர்ந்தது. கௌசியின் பிறசர் கூடியிருந்ததால் வசந்தி நேரத்தோடேயே அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டாள். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம்.

நான்தான் அவ்வளவு நலமாக இல்லை. மின்சாரப் பட்டியலில் பிழையென்றோ, தையல்காரர் கழுத்தைப் பெருப்பித்துவிட்டார் என்றோ நான் சேர்ட்டை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டால், எங்கள் மகள் படலையடியில் நின்று இன்றைக்கும் கேட்கிறாள்: "அப்பா, தொப்பியும் தருவாங்களோ?"

பிள்ளை பிறந்த முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு எங்களை அழைத்திருந்தார்கள். வசந்தியை உள்ளே கூட்டிப்போய் நடுக் கதிரையில் இருத்தினார்கள். நிரோசனின் மாமனார், வேட்டி கட்டிய நெடிய மனிதர், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மாமா, இவர் என்னைப் படிப்பிச்ச சேர்" என்றான் நிரோசன் பெருமையோடு.

நான் நிமிர்ந்து நின்றேன். மாமனாரின் முகம் மலர்ந்தது.

"ஓ! மிஸ்ஸின்ர மோட்டச்சைக்கிளைக் கொண்டுவந்து விட்டிட்டு, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போற ஒரு அப்பாவி எண்டு சொன்னனீர், அவரே இவர்?"