முதலில் படம் சரியாகட்டும்

உங்களுக்கு இவரைத் தெரியும். பெயர் வேறாக இருக்கலாம், வீடு பூச்சோங்கிலோ பிரிக்பீல்ட்ஸிலோ இருக்கலாம், ஆனால் ஆளைத் தெரியும். பழைய வீடியோ கேம் பெட்டியைப் புது டிவியில் மாட்டுபவர் இவர். விளையாடுபவர் அல்ல. விளையாடுபவர்கள் வேறு இனம், எளிய இனம். வந்த படத்தில் விளையாடிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். இவர் மாட்டுபவர். டிவிக்குப் பின்னால் தலையும் முன்னால் மீதி உடம்புமாக வாழ்கிறவர். வாயில் ஒரு சின்ன டார்ச் லைட்டைக் கடித்துக்கொண்டு பேசுவதால் இவர் சொல்வதில் பாதி யாருக்கும் புரியாது. டார்ச்சை எடுத்துவிட்டுச் சொன்னால் மீதியும் புரியாது. "வந்திடுச்சா?" என்பது இவருடைய முதல் வாக்கியம். "அப்படியே இரு, தொடாத" என்பது இரண்டாவது. "இதெல்லாம் ஒரு படமா?" என்பது மூன்றாவது. நான்காவதைக் கேட்கும்வரை யாரும் காத்திருந்ததாகத் தகவல் இல்லை.

செந்தூலில், முன்பு ரயில்வே குவார்ட்டர்ஸ் இருந்த பக்கம் எழும்பிய கொண்டோமினியம் ஒன்றில் பதினான்காவது மாடியில் குடியிருக்கும் நைஜல் இருதயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பத்தேழு வயது. கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். நாள் முழுக்க கன்டெய்னர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வைப்பவர், ஒன்று விரல் அகலம் கோணலாக நின்றால் "போகட்டும் லா" என்று கையை வீசிவிடுகிற பெருந்தன்மைக்காரர். அந்தப் பெருந்தன்மை வீட்டுக்குள் நுழைந்ததும் எங்கே போகிறது என்று மனைவி பெர்னிஸ் பல வருஷமாக யோசிக்கிறார்.

நைஜலின் அக்கா குளோரியா பெர்த்தில் நர்ஸ். நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை பல் கட்டிக்கொள்ள கோலாலம்பூர் வருவார். பல் டாக்டருக்குப் போன நேரம் போக மிச்சம் தம்பிக்கு. இந்த அக்காவுக்கும் தம்பிக்கும் இடையே முடியாத கணக்கு ஒன்று உண்டு. குளோரியா ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போவதற்கு முந்தைய பள்ளி விடுமுறையில், ரயில்வே குவார்ட்டர்ஸ் வீட்டு ஹாலில், ஒரே ஒரு கார் ரேஸ் கேசட்டை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் மோதித் தள்ளினார்கள். நாற்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்று. தீர்க்கிற ஆட்டத்தைப் போடுவதற்குள் கிளம்பும் நாள் வந்துவிட்டது. அப்புறம் கல்யாணங்கள், பிள்ளைகள், இரண்டு சாவு, நடுவில் ஒரு சின்ன மனத்தாங்கல் என்று முப்பத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. மற்றவர்கள் "சரி, வைக்கிறேன்" என்று சொல்லி போனை வைக்கிற இடத்தில் குளோரியா இன்றைக்கும் "நாப்பத்தொண்ணு நாப்பத்தொண்ணு" என்று சொல்லித்தான் வைப்பார்.

போன மாதம் நைஜல் ஸ்டோர் ரூமில் அந்தச் சாம்பல் நிறப் பெட்டியைக் கண்டெடுத்தார். கேசட்டும் இரண்டு கன்ட்ரோலர்களும் கூடவே இருந்தன. பெர்த்துக்குப் போன் பறந்தது.

"அப்ப இந்தத் தடவை முடிச்சிடுவோம்டா. புதன்கிழமை இறங்குறேன், ஞாயிறு சாயங்காலம் பிளைட். ஒரு ஆட்டம்தானே," என்றார் குளோரியா.

ஒரு ஆட்டம்தான். அஞ்சு சுற்று. மெதுவாக ஓட்டினாலும் நாலு நிமிஷம். ஐந்து நாளில் நாலு நிமிஷம் கிடைக்காதா என்ன?

புதன்கிழமை கிடைக்கவில்லை. பெட்டியிலிருந்து வருவது மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று வயர். அறுபத்தைந்து அங்குல டிவியின் முதுகில் இருப்பதோ தட்டையான நாலு ஓட்டை. மஞ்சளுக்கு இடமே கிடையாது. நைஜல் டார்ச்சும் வாயுமாக டிவியின் முதுகை ஒரு மணி நேரம் தடவிப் பார்த்தார், எங்கேயாவது ஒளித்து வைத்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில். குளோரியா சோபாவிலிருந்து தம்பியின் இடுப்புக்குக் கீழ்ப்பகுதியோடு பேசிக்கொண்டிருந்துவிட்டுத் தூங்கப் போனார்.

வியாழன் வேலை முடிந்ததும் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் வயரும் ரிமோட்டும் விற்கிற ராசிக்கின் கடைக்குப் போய், மூன்று வயரை ஒரே தட்டை வயராக மாற்றித் தருகிற சின்னப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். மாட்டினார். படம் வந்தது. கார்கள் நின்றன, கொடி ஆடியது, பாட்டுகூட வந்தது.

"வந்திடுச்சே, போடு," என்றார் குளோரியா, சோபாவில் காலை மடக்கிக்கொண்டு.

"வந்திருக்கு. ஆனா இது படமாக்கா? சக்கரத்தைப் பாரு, முட்டை மாதிரி இருக்கு."

"முட்டை உருளாதா?"

"பழைய படம் கிட்டத்தட்ட சதுரம். புது டிவி அகலம். இது இழுத்து ஒட்டிடுது. காரெல்லாம் தட்டையா போயிடுச்சு."

"நானும்தான் அப்ப இருந்ததுக்கு இப்ப அகலமாயிட்டேன். ஓட்ட மாட்டேனா லா?"

பெர்னிஸ் சிரித்தார். நைஜல் சிரிக்கவில்லை. மாட்டுபவர்கள் அளவு விஷயத்தில் சிரிப்பதில்லை.

இவரைப் பற்றித் தப்பாக நினைத்துவிடாதீர்கள். தோற்றுப் போவோம் என்ற பயமெல்லாம் இல்லை. அந்த ஹால், அந்த விடுமுறை, தரையில் பக்கத்தில் உட்கார்ந்து முழங்கையால் இடிக்கிற அக்கா, எல்லாம் அவருக்கு அப்படியே வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் காத்திருந்த ஆட்டம் முட்டைச் சக்கரத்திலா ஓட வேண்டும் என்று உண்மையாகவே அவருக்குப் பொறுக்கவில்லை. பாசம்தான். பாசத்துக்கு ரிமோட் கிடைத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டார். காலையில் குளோரியா பல் டாக்டரிடம் போக, நைஜல் மறுபடி ராசிக்கிடம் போய் இன்னும் பெரிய பெட்டியாக ஒன்று வாங்கி வந்தார். சக்கரம் வட்டமானது. குளோரியா கன்னம் வீங்கி, பேச முடியாமல் திரும்பி வந்து, வட்டச் சக்கரத்தைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டி, கன்ட்ரோலருக்குக் கையை நீட்டினார். அந்த நேரத்தில்தான் நைஜல் 'லேக்' கண்டுபிடித்தார். பட்டனை அழுத்துவதற்கும் கார் திரும்புவதற்கும் நடுவில் நுழைந்துகொள்ளும் தாமதத்துக்கு இவர்கள் வைத்திருக்கிற பெயர் அது. கண் சிமிட்டுவதில் பாதி நேரம்கூட வராது. அதைக் கண்ணால் பார்க்க முடிகிறவர்கள் உலகத்தில் இவர்கள் மட்டும்தான். நோயாளிக்குத் தெரியாத நோயை டாக்டர் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள்.

"பெர்னிஸ், இதை அமுக்கு. அமுக்கினியா? இப்ப கார் திரும்புச்சா? நடுவுல ஒரு இது தெரியுதா?"

"தெரியல."

"நல்லா பாரு. மறுபடி அமுக்கு."

"தெரியல நைஜல்."

"உனக்குத் தெரியாது," என்றார் நைஜல், மிகுந்த இரக்கத்தோடு.

சனிக்கிழமை பூராவும் போனில் தன் இனத்தாரின் குழு ஒன்றில் ஆலோசனை நடந்தது. உலகமெங்கும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஒருவரும் விளையாடுவதாகத் தெரியவில்லை. பழைய கண்ணாடிக் குழாய் டிவிதான் உத்தமம், அதில் லேக்கே கிடையாது என்று ஒருவர் எழுதினார். நைஜல் பால்கனிக்குப் போய்க் கீழே ரோட்டைப் பார்த்தார். அவர் வீட்டில் அப்படி ஒன்று இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன், ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு பழைய சாமான் எடுக்கிற பேப்பர் லாமா லோரி வந்தபோது, அவரே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். லோரிக்காரர் வேண்டாம் என்றுகூடச் சொன்னார். நைஜல்தான் கெஞ்சினார்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் அக்காவையும் மனைவியையும் வீட்டு வாசலில் விட்டுவிட்டு, "ரெண்டு மணிக்குள்ள வந்திடுறேன், அந்தப் பெட்டி மட்டும் வந்துட்டா ஒரு குறையும் இருக்காது" என்று கம்யூட்டர் ரயில் ஏறினார். ராசிக் மூன்றாவது பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டார்:

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இதுவரைக்கும் ரெண்டு வாங்கிட்டீங்க. ஒரு ஆட்டமாவது விளையாடுனீங்களா?"

நைஜல் அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கோவிலுக்கு வந்தவரிடம் சுண்டல் கிடைத்ததா என்று கேட்டால் எப்படிப் பார்ப்பார், அப்படிப் பார்த்தார்.

ரயில் தாமதம். வீட்டுக்கு வரும்போது மூன்றாக இன்னும் பத்து நிமிஷம். வீட்டில் யாரும் இல்லை. டிவிக்குக் கீழே சாம்பல் பெட்டி இல்லை, கன்ட்ரோலர்கள் இல்லை, வயர்கூட இல்லை. மேசையில் பெர்னிஸின் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு: 'மைமூன் அக்கா வீட்ல இருக்கோம்.'

மைமூன் ஒன்பதாவது மாடியில் இருப்பவர்; அவர் மகன்கள் பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார்கள். நைஜல் லிஃப்டைவிட்டு வெளியே வரும்போதே ஒன்பதாவது மாடி நடைவழியில் சத்தம் கேட்டது. சிரிப்புச் சத்தம். உள்ளே போனால், மைமூனின் பழைய சின்னத் தட்டை டிவி, பக்கவாட்டில் மஞ்சள் ஓட்டை உள்ளது, அதில் மஞ்சள் வயர் நேராகச் செருகியிருக்கிறது. குளோரியாவும் பெர்னிஸும் தரையில் உட்கார்ந்து ஓட்டுகிறார்கள். நடுவில் கறிபாப் பலகாரத் தட்டு. பெர்னிஸ் உடம்பையே சாய்த்துச் சாய்த்துக் காரைத் திருப்பிக்கொண்டிருந்தார். மனைவிக்கு விளையாடத் தெரியும் என்பதே நைஜலுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"வாங்க தம்பி, உக்காருங்க," என்றார் மைமூன். "உங்க வீட்டுக்காரம்மா எட்டு ஆட்டம் ஜெயிச்சிட்டாங்க."

நைஜல் திரையைப் பார்த்தார். "படம் இழுத்திருக்கு," என்றார்.

"இழுக்கட்டும்," என்றார் குளோரியா. பெர்னிஸ் கையிலிருந்த கன்ட்ரோலரை வாங்கித் தம்பியிடம் நீட்டினார். "மூணு மணிக்கு ஏர்போர்ட் போக கிராப் கார் வருது. நாப்பத்தொண்ணு நாப்பத்தொண்ணு. உக்காரு."

"அக்கா, இதுல லேக் எவ்வளவு இருக்கும்னு..."

"எனக்கும் அதே லேக்தானேடா? ஒரே டிவிதானே?"

நைஜல் உட்கார்ந்தார்.

கொடி விழுந்தது. முதல் சுற்றில் பாலத்தில் இடித்தார். இரண்டாவது சுற்றில் கட்டை விரலுக்குப் பழசெல்லாம் ஞாபகம் வந்தது. பெட்ரோல் நிலையம் தாண்டியதும் உள்பக்கமாக ஒதுங்க வேண்டும், மணல் மேட்டில் வேகத்தைக் குறைக்கக் கூடாது. குளோரியா முழங்கையால் இடித்தார். இவரும் இடித்தார். மூன்றாவது சுற்றில் முந்தினார். நான்காவதில் அரை ரோடு முன்னால். வாய்விட்டுச் சிரித்தார். அந்த ஒரு நிமிஷம், நான் சொல்கிறேன், அவர் மாட்டுபவர் அல்ல.

ஐந்தாவது சுற்றில், நேர் ரோட்டில், எதிரே யாரும் இல்லாததால் பார்வை தன் காரின் சக்கரத்தில் விழுந்தது.

முட்டை.

பக்கத்து மெத்தையில் மைமூனின் ரிமோட் இருந்தது. ஒரே ஒரு பட்டன். படத்தின் அகலத்தை மாற்றும் பட்டன் எல்லா ரிமோட்டிலும் அந்த இடத்தில்தான் இருக்கும். நேர் ரோடு, அரை விநாடி வேலை, ஒரு கை போதும்.

மைமூனின் ரிமோட்டில் அந்த இடத்தில் வேறு பட்டன் இருந்தது. திரை நீலமானது. சத்தம் நின்றது. நடுவில் ஒரு கோடு தோன்றி, சேனல்களைத் தேடுவதாக அறிவித்து, இரண்டு சதவீதம் என்றது.

"அலாமாக்," என்று தலையில் கை வைத்தார் மைமூன். "அது ஆரம்பிச்சா முடியாம நிக்காது தம்பி. போன தடவை இருபது நிமிஷம்."

நைஜல் எல்லாப் பட்டனையும் அமுக்கினார். மூன்று சதவீதம். நீலத்துக்குப் பின்னால் இரண்டு கார்களும் எங்கேயோ மோதிக்கொண்டிருந்தன. குளோரியாவின் போன் மணியடித்தது. கிராப் கீழே வந்துவிட்டது.

குளோரியா எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நைஜல், நீ ஜெயிச்சிட்டு இருந்தடா," என்றார்.

எல்லாரும் லிஃப்டில் கீழே இறங்கினார்கள். கார் கதவைச் சாத்தும்போது குளோரியா கண்ணாடியை இறக்கி, அடுத்த பல் எப்போது ஆடுகிறதோ அப்போது வருவதாகச் சொன்னார். நாற்பத்தொன்று நாற்பத்தொன்று என்று சொல்லவில்லை. நைஜல் கார் போன பிறகும் கையில் ரிமோட்டோடு நின்றார். மைமூனின் ரிமோட்.

அடுத்த சனிக்கிழமை மூன்றாவது பெட்டியை மாட்டினார். கேளுங்கள், அற்புதம். சக்கரம் வட்டம். லேக் இல்லை. ஒவ்வொரு புள்ளியும் கோலப் புள்ளிபோல நின்றது. யாரும் எதையும் அமுக்காவிட்டால் கேம் தானாகவே டெமோவாக ஒரு ரேஸ் ஓட்டிக் காட்டும். அதைப் படம் எடுத்து பெர்த்துக்கு அனுப்பினார். பதில் வந்தது: 'ரொம்ப அழகா இருக்கு. யார் ஓட்டுறா?'

நைஜல், 'டெமோ' என்று அனுப்பினார்.

பெர்னிஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது கன்ட்ரோலரை எடுத்தார். "சரி, போடு. ஒரு ஆட்டம்."

நைஜல் மனைவியைப் பார்த்தார். உண்மையாகவே போட நினைத்தார். விரல் ஸ்டார்ட் பட்டன்மேல் இருந்தது.

"அஞ்சு நிமிஷம்," என்றார். "அந்தச் சிவப்பு மட்டும் கொஞ்சம் தூக்கலா இருக்கு."

இதையெல்லாம் நான் ஏன் உங்களிடம் சொல்கிறேன்? நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். ஆனால் ஒன்று கேட்கிறேன். மேலே அந்த லேக் வந்த இடத்தில், 'லேக்கைக் குறைக்க டிவி செட்டிங்கில் கேம் மோட் என்று ஒன்று இருக்குமே, அதைப் போட்டாரா?' என்று உங்கள் மனதில் ஓடியதா? சிவப்பைக் குறைக்க எங்கே போக வேண்டும் என்று இப்போது சொல்லத் துடிக்கிறீர்களா? சொல்ல வேண்டாம். மெல்லத் திரும்பி உங்கள் வீட்டு சோபாவைப் பாருங்கள். சற்று முன்வரை அங்கே ஒருவர் உட்கார்ந்திருந்தாரே, எழுந்து போய் எவ்வளவு நேரம் ஆகிறது?