நுரை வியூ நகரில் ஒரு கார்னர் மனை

"ஏரி நாறுனா என்னாங்க? வியூ வருதில்ல!"

பாகலூர் ரோட்டு டீக்கடையில் ஒருவர் மனை விளம்பரம் ஒன்றைக் காட்டி இன்னொருவரிடம் சொன்னது இது. நான் பக்கத்தில் பன் தின்றுகொண்டிருந்தேன். அந்த ஒரு வரியை வைத்து வீட்டுக்குப் போய் ஒரு போஸ்டரே செய்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. போஸ்டரை ஃப்ளெக்ஸில் பிரிண்ட் போட்டு வாங்கி, சாயங்காலம் ஆறு மணிக்குள் பெங்களூரில் ஒரு கண்காட்சியில் கொடுக்க வேண்டும்.

ஐம்பது வருஷம் கழித்து நம் ஊர் என்ன கதியாகும் என்று படமாக வரைந்து காட்டுகிற கண்காட்சி அது. புகை, இயந்திரம், நாசம். பார்ப்பவர்கள் பயப்பட வேண்டும். நான் பயமுறுத்த ஆசைப்பட்டேன். கடையில் மீதிச் சில்லறை கேட்கவே பயப்படுகிறவள் நான்.

மனை விளம்பரம் போலவே செய்திருந்தேன். கருப்பு வானம். ஏரி முழுக்க நுரை. பால்கனியில் ஒரு குடும்பம், நான்கு பேரும் விஷவாயு முகமூடியில். மேலே கொட்டை எழுத்தில்:

'நுரை வியூ நகர்! தினமும் இரண்டு மணி நேரம் சுத்தமான காற்று! மாதம் ஒரு நாள் சூரியன்! டிரோனில் தண்ணீர் சப்ளை! கார்னர் மனைகளுக்கு முகமூடி இலவசம்!'

ஓரத்தில் சின்னதாக 2075 என்று வருஷம். அதன் கீழே என் போன் நம்பர். கண்காட்சிக்காரர்கள் நம்பர் கட்டாயம் வேண்டும் என்றார்கள்.

இந்தப் போஸ்டரில் என் தலையெழுத்தே தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா இங்கே ஒரு கம்பெனியில் ஆப்பரேட்டர். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். நான் விஸ்காம் படிப்பு முடித்துவிட்டு வீட்டில் படம் வரைந்துகொண்டிருப்பதைப் பார்த்துப் பார்த்து, அவர் கம்பெனியிலேயே குவாலிட்டி செக்கிங்கில் ஒரு வேலைக்குப் பேசி வைத்துவிட்டார். நான் கெஞ்சினேன்.

"சரி பாப்பா. உன் படத்த ஒரு பத்துப் பேரு நின்னு பாக்கட்டும். அப்புறம் பேசுவோம். இல்லேன்னா திங்கக்கெழம காலைல கெளம்பிரணும். நானே கொண்டு வந்து கம்பெனி கேட்டுல விட்டுட்டு வாரேன்."

பத்துப் பேர். பெங்களூரில் அது கிடைக்காதா!

ஃப்ளெக்ஸ் கடை மஞ்சுநாத் அண்ணனுக்கு முந்தின நாளே ஃபைலை அனுப்பிவிட்டேன். நேரில் போனால் பேச வேண்டுமே! அவர் உடனே போன் செய்தார். எடுக்கவில்லை. வாய்ஸ் மெசேஜ் போட்டார். பஸ்ஸில் இருந்தேன். கேட்காமலேயே கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினேன். இன்னொரு வாய்ஸ். இன்னொரு கட்டைவிரல். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்குக் கடவுள் கொடுத்த வரம் அந்தக் கட்டைவிரல் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை மதியம் கடைக்குப் போனேன்.

"வாங்க மேடம்! உங்க வேல காலைலயே முடிஞ்சிருச்சு."

"குடுங்கண்ணா."

"எத குடுக்கறது? கட்டியாச்சு மேடம்."

"எங்க?"

"டீக்கட எதிர்ல. சூப்பர் ஸ்பாட்! மனை ஃப்ளெக்ஸ்னா நம்ம கடைல கட்டறதும் சேத்துதான். வாய்ஸ்ல கேட்டேனே, நீங்ககூட கட்டவிரல் போட்டீங்களே?"

அப்போதுதான் அந்த வாய்ஸ் மெசேஜ்களை முதல்முறையாகக் கேட்டேன். அவர் எதிரிலேயே.

"மேடம், வானம் ரொம்ப டல்லா கீது. கொஞ்சம் பளிச்சுன்னு பண்ணட்டுமா?" கட்டைவிரல்.

"மேடம், அந்தக் குடும்பம் மூஞ்சில என்னமோ மாட்டினுகீறாங்க. யாரு வாங்குவாங்க? நம்மகிட்ட சிரிக்கிற குடும்பம் ஒண்ணு இருக்குது, அத போட்டுடவா? கட்டறதும் நாமளே பாத்துக்கறோம்." கட்டைவிரல்.

"எழுத்தையும் மாத்திட்டீங்களாண்ணா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "சேச்சே! வாசகம் கஸ்டமர் இஷ்டம். அதுல நாங்க கை வெக்க மாட்டோம். அந்த 2075 மட்டும் மொட்டையா நின்னுச்சு. முன்னாடி 'அப்ரூவல் எண்'னு சேத்தேன். அது இல்லாம மனை விக்க முடியாது மேடம்."

மறுபடி பிரிண்ட் போட்டுத் தாருங்கள் என்றேன். மெஷினில் கல்யாண ஃப்ளெக்ஸ்கள் ஓடிக்கொண்டிருந்தன. "முகூர்த்தம் மேடம். ராத்திரிக்குத்தான்."

அப்போதே என் போன் அடிக்க ஆரம்பித்தது. தெரியாத நம்பர். அதன் பின்னால் இன்னொன்று. நான் போனைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினேன்.

டீக்கடைக்கு எதிரே கரண்டு கம்பத்துக்கும் புங்க மரத்துக்கும் நடுவில் என் நரகம் நீல வானத்தோடு மினுங்கிக்கொண்டிருந்தது. நுரைகூட வெள்ளை வெளேரென்று ஊட்டிப் பனி மாதிரி இருந்தது. சிரிக்கிற குடும்பத்தில் அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள். நால்வருக்கும் மொத்தம் நூறு பற்களாவது இருக்கும். கீழே ஒரு கும்பல்.

கூச்சத்தை மென்று விழுங்கிக்கொண்டு நேரே போய்க் கயிற்று முடிச்சில் கை வைத்தேன்.

"ஏம்மா! யாரு நீ? அடுத்தவங்க பேனர அவுக்கற? போட்டி கம்பெனியா?"

கேட்டவர் கழுத்தில் கம்பெனி ஐடி கார்டு தொங்கியது. மொத்தக் கும்பலும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

"இது... என்னோடதுங்க."

சொல்லியிருக்கக் கூடாது.

"ஓனரா! ஏங்க, போன் எடுக்க மாட்டீங்களா? லோன் கெடைக்குமா?" என்றார் ஐடி கார்டு.

காலிஃபிளவர் ஏற்றிய டெம்போவை ஓரமாக நிறுத்திவிட்டு ஒருவர் இறங்கி வந்தார். உத்தனப்பள்ளிக்காரராம். "டெய்லி ரெண்டு மணி நேரம் காத்துன்னு போட்டுக்கீறீங்களே, காலைலயா சாயந்திரமா?"

"அது வந்துங்க..."

"கரண்டு போனா? ஜெனரேட்டர் உண்டா?" இது ஐடி கார்டு.

டெம்போவுக்குள்ளிருந்து உத்தனப்பள்ளிக்காரரின் மனைவி கத்தினார். "யோவ், காத்த அப்புறம் கேளுய்யா! தண்ணி எப்பிடின்னு கேளு மொதல்ல!"

"டிரோன்ல வருமாம்டி!"

"டிரோன் எத்தினி நாளைக்கு ஒருக்கா வரும்? இப்ப வர லாரி மாதிரி வாரத்துக்கு ஒருக்கான்னா வேணாம்னு சொல்லிடு!"

ஒரு வழியாக நான் குரலை உயர்த்தினேன். "எல்லாரும் கொஞ்சம் கேளுங்க! இது நெஜம் இல்லீங்க. கற்பனை. அம்பது வருஷம் கழிச்சு நம்ம ஊரு இப்பிடி ஆயிடும்னு பயமுறுத்தறதுக்காகப் பண்ணது!"

எல்லோரும் அண்ணாந்து படத்தைப் பார்த்தார்கள். சிரிக்கிற குடும்பம் அவர்களைப் பார்த்துச் சிரித்தது.

உத்தனப்பள்ளிக்காரர்தான் முதலில் பேசினார். "அம்பது வருஷம் கழிச்சா? அப்ப இப்பவே புக் பண்ணா ரேட்டு கம்மியா வருமில்ல!"

கும்பல் ஒரே குரலில் ஆமோதித்தது. கார்னர் மனை யாருக்கு என்று இருவருக்குள் தகராறே ஆரம்பித்துவிட்டது. பின்னாலிருந்து வந்தவர்கள் ரோட்டுக்கே வந்துவிட்டார்கள். வண்டிகள் நின்றன. ஷிஃப்ட் முடிந்து வந்த கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு அதுவும் நின்றது.

நான் அழும் நிலைக்கு வந்துவிட்டேன். "அண்ணா, இத நான் ஆறு மணிக்குள்ள பெங்களூர்ல குடுக்கணும். தயவுசெஞ்சு அவுக்க விடுங்க!"

"ஓஹோ," என்றார் ஐடி கார்டு. "பெங்களூர்க்காரங்களுக்கு வித்துட்டீங்க. அதான் நம்மள கழட்டி விடறீங்க."

"எப்பவும் இதேதான்யா," என்றது ஒரு குரல்.

அந்தம்மாதான் என்னைக் காப்பாற்றினார். டெம்போவிலிருந்து இறங்கி வந்து, காலிஃபிளவர் அறுக்கிற கத்தியைப் புருஷன் கையில் கொடுத்தார். "பாவம், பொண்ணு அழுவுது. அறுத்து விடு. நாறுற ஏரிக்கு இத்தினி சண்டையா?" பிறகு என் காதருகில் வந்து, "ஏதாவது கேன்சல் ஆச்சுன்னா சொல்லும்மா," என்றார்.

சுருட்டிய ஃப்ளெக்ஸைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பெங்களூர் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். அத்திப்பள்ளி வருவதற்குள் போன் சார்ஜே தீர்ந்துவிட்டது.

ஆறு மணிக்குச் சற்று முன்னால் கண்காட்சிப் பொறுப்பாளர் அதை விரித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"நீங்க அனுப்பின ஃபைல்ல முகமூடி போட்டிருந்தாங்க இல்ல?" என்றார். "இதுல சிரிக்கிறாங்க. வானம் நீலமா இருக்கு. ஐயோ, இதுதான்மா பயமா இருக்கு! எப்பிடி யோசிச்சீங்க?"

விளக்கம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

வாசலுக்கு நேர் எதிரே மாட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். ஏற்கெனவே தெரியும் என்பதுபோல் தலையை ஆட்டினார். "டீக்கடகிட்ட எங்க பஸ்ஸே நின்னுபோச்சுல்ல," என்றார். அவ்வளவுதான். திங்கட்கிழமையைப் பற்றி மூச்சு விடவில்லை. கேட்க எனக்குப் பயம். ஞாயிறு முழுக்க அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அவருடைய வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டார். போச்சு என்று படுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை கண் விழித்தபோது சுள்ளென்று வெயில். தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருந்த போனைக் காணவில்லை. அரைக் கதவு வழியாகக் கூடம் தெரிந்தது. இஸ்திரி போட்ட சட்டையில் அப்பா, காதில் என் போன்.

"இல்லீங்க, கார்னர் எல்லாம் முடிஞ்சு போச்சு. சூரியனா? மாசத்துக்கு ஒரு நாளுதாங்க. ரெண்டு நாளு வேணும்னா மேடத்தத்தான் கேக்கணும். மேடம் தூங்குறாங்க. பத்து மணிக்கு மேல கூப்புடுங்க."

போனை வைத்துவிட்டு எழுந்து வந்து, என் அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.