உறுப்பினர் கமலேஸ்வரியும் எங்கள் தண்ணீர்ப்பந்தலும்

மதிப்புக்குரிய அருளம்பலம் அத்தானுக்கு,

இங்கே நாங்கள் சுகம்; அதாவது குழாயில் தண்ணீர் வருகிற நாட்களில் சுகம். திரியாயில் நீங்களும் அக்காவும் வயலும் மாடுகளும் குறையில்லாமல் இருக்கக் கோணேசப் பெருமானை வேண்டிக்கொள்கிறேன்.

நிற்க, எனக்கு மனைவியாய் வாய்த்த உங்கள் தங்கை கமலேஸ்வரியைப் பற்றி ஒரு முறைப்பாடு. பிரதேச சபைத் தேர்தலில் அவரை நிற்கச் சொல்லி உசுப்பிவிட்டவர் நீங்கள். ஆகவே உறுப்பினர் பதவியிலிருந்து விலகச் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். நான் சொல்லிக் களைத்துவிட்டேன். இந்த வறட்சிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர், அதுவும் வீட்டுத் தேவைக்கு மட்டும் என்ற கட்டுப்பாட்டைச் சபையில் கொண்டுவந்தவரே உங்கள் தங்கை. அது முதலில் பாய்ந்தது என் மேல். வெருகல் முருகனிடம் நடந்து போகிற அடியார்களுக்கு நான் வருடா வருடம் எங்கள் வாசற் படலையடியில் தண்ணீர்ப்பந்தல் போடுகிறவன். "சட்டம் எண்டால் எல்லாருக்கும் சட்டம்தான். கிணத்துத் தண்ணியைக் குடுங்கோ" என்றுவிட்டார். எங்கள் வளவோ துறைமுகத்துக்குப் பக்கம்; கிணற்றுத் தண்ணீர் ஒரே உப்பு, வாயில் வைக்க ஏலாது. உப்பை மறைக்கத் தேசிக்காய் பிழிந்தேன், புளிப்பை மறைக்கச் சீனி போட்டேன். ஒரு மிடறு குடித்த அம்மா ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஐயா, உப்பும் சீனியும் கரைச்சுத் தாறீங்கள், எங்களுக்கு வயித்தோட்டம் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டார்.

இப்படி இருக்கையில், கட்டுப்பாட்டைத் தளர்த்த வேண்டும் என்று பேணாட் என்ற உறுப்பினர் பிரேரணை கொண்டுவந்தார். விவாதம் பார்க்க நானும் போனேன். எல்லாரும் ஒரேயடியாகத் திறந்தால் குழாய் முடிகிற கப்பல்துறை மேட்டு வீடுகளுக்குத் தண்ணீர் ஏறாது என்று உங்கள் தங்கை வாதாடினார். எனக்குப் பொறுக்கவில்லை. பார்வையாளர் கதிரையிலிருந்து எழும்பி, வீட்டில் அவரைக் கூப்பிடுகிற மாதிரியே, "இஞ்சேருமப்பா, முருகன்ர அடியார் நா வறண்டு போகினம்..." என்று தொடங்கிவிட்டேன். சபை முழுக்கச் சிரிப்பு. "ஐயா, உங்களுக்கு இதில கதைக்க ஏலாது. இருங்கோ" என்றார் உங்கள் தங்கை, முன்பின் தெரியாத ஆளுக்குச் சொல்வதுபோல. நானும் இருந்துவிட்டேன், வீட்டுப் பழக்கம். ஆனால் பேணாட் தவிசாளரிடம் அனுமதி வாங்கித் தந்தார். பந்தல் கதையை நான் சொல்லச் சொல்ல இரண்டு உறுப்பினர்கள் கண்ணைத் துடைத்தார்கள். பிரேரணை ஒரேயொரு வாக்கால் வென்றது. உங்கள் தங்கையைத் தோற்கடித்தவன் நான்தான், அத்தான்.

அதிலிருந்து வீட்டில் சோறு இருக்கிறது, பேச்சு இல்லை. எந்த நேரமும் சபை, கூட்டம், மனு. பின்னேரத் தேத்தண்ணியோடு இரண்டு கதை கதைக்க எனக்கு ஆளில்லை. நான் ஓய்வுபெற்றது சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கவா? உங்கள் சொல்லுக்குத்தான் அவர் கட்டுப்படுவார். தயவுசெய்து விலகச் சொல்லுங்கள்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உங்கள் வாய்க்கால் வற்றாமல் ஓடட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள
சோமசேகரம்

பி.கு.: மேலே எழுதிய எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். இதை எழுதி முடித்த பிறகு, இன்று தளர்வு நடைமுறைக்கு வந்ததும் பந்தலில் நல்ல தண்ணீர் நிரப்பி வைத்தேன். முதலில் வந்தது அடியார் அல்ல. கப்பல்துறை மேட்டிலிருந்து கஜந்தி என்ற இளம்பெண், இடுப்பில் குழந்தையும் கையில் வாளியுமாக. "ஐயா, எங்கட பக்கம் ஒரு சொட்டும் வரேல்ல. பிள்ளைக்குப் பால்மா கரைக்க வேணும்" என்றாள். அவளுக்குப் பின்னால் மேட்டுச் சனம் வரிசையாக நின்றது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருந்ததையெல்லாம் ஊற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போய், "நீர் சொன்னதுதான் சரியப்பா" என்றேன். உங்கள் தங்கை ஒரு குத்தல் கதையும் சொல்லவில்லை. "அந்தச் சனத்துக்கு என்னால ஒண்டும் செய்ய ஏலாமப் போச்சு. நீங்கள் சொன்ன மாதிரியே நான் விலகிறன்" என்று அழுகிறார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து இப்போதுதான் முதன்முறையாக என் சொல்லைக் கேட்கிறார், அத்தான். எப்படியாவது தடுத்துவிடுங்கள்.